வெட்டு வருஷம்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை கூடத்தில் இருந்தவர்கள்:

சோலையப்பன். சுவரோர நாற்காலியில், சத்தத்தை நிறுத்திவைத்த டிவியின் முன்னால்.

அவர் மனைவி செவந்தி. வெளியே கிளம்புகிற சேலையில், கிளம்புகிற முகம் இல்லாமல்.

மகன் ரகுநாத். கையில் போன்.

மருமகள் ஹரிணி. ரைஸ் மில் கணக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு.

நிலத் தரகர் நாகராசு. செருப்பை வாசலில் கழற்றியவர், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

பொங்கலுக்குப் பிறகு இந்த வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் உட்காருவது இதுதான் முதல் தடவை. தோகாவில் வருஷக்கணக்காகச் சம்பாதித்ததை, ஊர் திரும்பிய ரகுநாத் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வர்த்தகம் செய்து விட்டிருந்தான். அது பொங்கலன்று தெரியவந்தது. ஹரிணியின் நகைகளும் அதோடு அடகுக்குப் போயிருந்தன. கத்த வேண்டியதையெல்லாம் தை மாதத்திலேயே கத்தி முடித்தாகிவிட்டது. இப்போது யாரும் கத்துவதில்லை. சோலையப்பன் மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. துணி காய்கிறது. அவ்வளவுதான்.

இன்று செவந்தியின் தைலமரக் காடு கைமாறுகிறது. வல்லத்திராக்கோட்டையில் நாலு ஏக்கர். அவள் அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்தது. இந்த உலகத்தில் அவள் பேரில் இருப்பவை அந்தக் காடும் ரேஷன் கார்டும்தான்.

வாங்குகிறவர் கட்டுமாவடி இன்னாசியம்மாள். கரையில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். மகள் ஷர்லி குவைத்தில் நர்ஸ். மூன்று லட்சம் அட்வான்ஸ் போன மாதமே வந்துவிட்டது. மீதி இன்று, கையெழுத்தானதும்.

அந்தப் பணம் எங்கே போகப்போகிறது என்பதைத்தான் ரகுநாத் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"இது பழைய ஆட்டம் இல்லம்மா. அது சூது. நானே ஒத்துக்கிறேன். இது முதலீடு. கோவாவுல சாகர்மீனா யாட்ஸ்னு ஒரு கம்பெனி. யாட்டு கட்டுறாங்க."

"யாட்டுன்னா?"

"பணக்காரன் கடல்ல ஊர் சுத்துற போட்டு. உள்ளயே பெட்ரூம், கிச்சன், ஏசி எல்லாம் இருக்கும்."

"மீன் புடிக்க மாட்டாங்களா?"

"வறுத்துத் திங்கிறதோட சரி அண்ணி," என்றார் நாகராசு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

யாரும் சிரிக்கவில்லை.

ரகுநாத் போனை அம்மா பக்கம் திருப்பினான். "இங்கிட்டு பாரு. ஒரு பங்கு வெலை தொண்ணூறு ரூவா. ஒரு பங்குக்குக் கம்பெனி வருஷத்துல சம்பாரிக்கிறது பதினஞ்சு ரூவா. தொண்ணூற பதினஞ்சால வகுத்தா என்ன வரும்?"

செவந்தி ஹரிணியைப் பார்த்தாள்.

"ஆறு," என்றாள் ஹரிணி.

"ஆறு. அதுக்குப் பேருதான் பி.இ. நீ போட்ட காச கம்பெனி ஆறு வருஷத்துல சம்பாரிச்சிரும்னு அர்த்தம். மத்த போட்டுக் கம்பெனியெல்லாம் நாப்பது, அம்பதுல நிக்குது. இது மட்டும் ஆறு. ஊருக்கு இன்னும் தெரியல. தெரியிறதுக்குள்ள நாம உள்ள போயிரணும்."

"ஊருக்குத் தெரியாதது ஒனக்கு மட்டும் எப்படிடா தெரிஞ்சுச்சு?"

"படிச்சேன்மா."

செவந்தி தலையை ஆட்டினாள். புரிந்ததால் அல்ல. பொங்கலுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அவள் அப்படித்தான் ஆட்டுகிறாள், காய்கறி வண்டிக்காரர் சொல்லும் விலைக்கும்.

"இதுல ஹரிணி நகைய மீட்டுட்டோம்னா போதும்மா. அப்பறம் நான் போனையே தொட மாட்டேன்."

சோலையப்பன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி வாசிக்கிற பெண்ணின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

இன்னாசியம்மாள் வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. நேராக ஹரிணியிடம் நீட்டினார்.

"நெத்திலிக் கருவாடு. வெறுங்கைய வீசிக்கிட்டு வாரதா? இன்னைக்கு நல்ல காரியம், சமைக்க மாட்டீங்க. நாளைக்கு வச்சுக்கோங்க. கழுவுறப்ப மட்டும் நல்லாக் கழுவு தாயி."

உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"எங்க தொழில்ல ஒரு போட்டு வாங்குறதுன்னா ஒரே கேள்விதான். எத்தன சீசன்ல போட்ட காசு திரும்பும்? நாலுக்கு மேலன்னா அந்தப் போட்டு வேணாம்னுருவோம். காட்டுக்கு என்ன கணக்குன்னு எனக்குத் தெரியாது. நான் கடக்கரைக்காரி. கையெழுத்துக்கு முன்னாடி இன்னொருக்கச் சொல்லிருங்க."

நாகராசு தயாராக இருந்தார். "போன வருஷம் நாலு லட்சம் வந்துச்சுக்கா. மில்லுக்குப் போன லோடு எல்லாத்துக்கும் எடைச்சீட்டு இருக்கு, தம்பி அனுப்பிச்சாருல்ல? வெலை இருபத்தெட்டு லட்சம். அந்தக் கணக்குல ஏழே வருஷம். அதுக்கு மேல வாரதெல்லாம் ஒங்க காசு."

"ஏழா. கொஞ்சம் நீட்டந்தான்." இன்னாசியம்மாள் யோசித்தார். "ஆனா காடு முழுகாது."

"முழுகாதுக்கா."

நாகராசு சொன்னதில் பொய் இல்லை. போன வருஷம் நாலு லட்சம் வந்தது உண்மை. அது வெட்டு வருஷம். மரத்தை அடியோடு வெட்டிக் காகித மில்லுக்கு ஏற்றிய வருஷம். வெட்டிய கட்டை மறுபடி துளிர்த்து, அடுத்த வெட்டுக்கு நிற்க ஆறு வருஷம் ஆகும். நடுவில் அந்தக் காட்டில் ஒரு ரூபாய் விளையாது. வல்லத்திராக்கோட்டையில் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் இது தெரியும். கட்டுமாவடிக்குத் தெரியாது. ஆளுயரத்துக்குத் துளிர் வந்து நின்றதை நேரில் பார்த்துவிட்டு, நல்ல பச்சை என்று சொல்லிப் போனவர் இன்னாசியம்மாள்.

அவர் கேட்கவில்லை. அவர்கள் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று நாகராசு மனசார நம்பினார். தரகர்களால் அப்படி நம்ப முடியும்.

ஹரிணி கருவாட்டுப் பையோடு அடுக்களைக்குப் போனாள். போகிறபோது புருஷனைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"சாகர்மீனாவோட வருஷ அறிக்கைய எறக்கிப் படிச்சேன். மில் பஸ்ல."

"ஒன்ன யாரு படிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. போனது என் நகை. அதனால படிச்சேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. மில்லில் லோடு கணக்குச் சொல்கிற குரல் அது.

"அந்தப் பதினஞ்சு ரூவாயில பதிமூணு ரூவா, போட்டு வித்து வந்தது இல்லங்க. ஆத்தோரம் அவங்களுக்குப் போட்டு கட்டுற பழைய யார்டு ஒண்ணு இருந்திருக்கு. ஓட்டல் கட்ட யாருக்கோ அந்த நெலத்த வித்துட்டாங்க. ஒரே தடவ. வேற நெலம் இல்ல விக்க. போட்டு கட்டி வித்ததுல பங்குக்கு ரெண்டே ரூவா. இப்ப தொண்ணூற ரெண்டால வகுங்க."

அவன் வகுக்கவில்லை. அவளே சொன்னாள்.

"நாப்பத்தஞ்சு. மத்த கம்பெனி எங்க நிக்குதோ அங்கதான் இதுவும் நிக்குது. மலிவெல்லாம் இல்ல."

"நெலம் வித்ததும் வருமானந்தான?"

"வருமானந்தான். வெட்டு வருஷத்து வருமானம்."

ரகுநாத் நின்றான். போன வருஷம் வெட்டுக்கு ஆள் விட்டு, லாரிக்குப் பக்கத்தில் நின்று, டன் கணக்குப் பார்த்தவன் அவன். எடைச்சீட்டுகளைப் படம் எடுத்து இன்னாசியம்மாளுக்கு அனுப்பியவனும் அவன்தான். அடியில் ஒரு வரியும் எழுதியிருந்தான்: 'போன வருஷ வருமானம்.' தான் ஒருத்தருக்குக் காட்டியதையே தனக்கும் யாரோ காட்டியிருக்கிறார்கள் என்பது தலைக்குள் போக நேரம் எடுத்தது. போய்ச் சேர்ந்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட கன்னத்தைத் தொடுவதுபோல் இருந்தது. தொடுவது தெரிந்தது. கன்னம் யாருடையதோபோல் இருந்தது.

"அது வேற, இது வேற," என்றான்.

"எப்படி வேற?"

அடுக்களை வாசலில் செவந்தி காலிச் சொம்போடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"கார் வந்துருச்சு," என்றாள். "கெளம்புங்க."

பத்திர ஆபீஸில் டோக்கன் போட்டிருந்தும் கூட்டம். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் செவந்தியும் இன்னாசியம்மாளும் உட்கார்ந்தார்கள். ஹரிணி சுவரில் சாய்ந்து நின்றாள். நாகராசு உள்ளே ஆள் பார்க்கப் போனார். சோலையப்பன் வரவில்லை. வருகிறாரா என்று யாரும் கேட்கவும் இல்லை.

ரகுநாத் வெளியே வேப்பமரத்தடியில் போனைப் பார்த்தான்.

சாகர்மீனாவின் காலாண்டு முடிவு வந்திருந்தது. பங்கு தொண்ணூறிலிருந்து எண்பத்தொன்றுக்கு இறங்கி, அங்கேயே அசையாமல் நின்றது. அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. விலை இறங்குவதை அவன் நிறையப் பார்த்தவன். அவன் பார்த்தது பக்கத்தில் இருந்த இன்னொரு எண்ணை. விலை இறங்கினால் பி.இ.யும் இறங்கும் என்றுதான் அவன் படித்திருந்தான். இங்கே விலை இறங்கியிருந்தது, பி.இ. ஏறியிருந்தது. நேற்று ஆறு. இன்று நாற்பதரை.

பக்கத்தைப் புதுப்பித்தான். நாற்பதரை.

கடைசி நாலு காலாண்டு லாபத்தைக் கூட்டித்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். நிலம் விற்ற காலாண்டு இன்றைக்கு ஐந்தாவதாகி வெளியே போய்விட்டது. மிச்சம் இருந்தது போட்டு விற்ற ரெண்டு ரூபாய். ஹரிணி காலையில் அடுக்களையில் சொன்னதை இப்போது ஊருக்கே சொல்லிவிட்டார்கள்.

விற்பதற்கு ஆர்டர் போட்டான். 'நிலுவையில்' என்று வந்தது. மறுபடி பார்த்தான். நிலுவையில்தான் இருந்தது. விலை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்று ஒரு தடுப்பு உண்டு. பங்கு அதில் போய் முட்டிக்கொண்டு நின்றது. விற்கிறவர்கள் வரிசையில் நின்றார்கள். வாங்குவதற்கு ஒருத்தர்கூட இல்லை.

உள்ளே இன்னாசியம்மாள் பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து, ஒன்றைச் செவந்தியிடம் கொடுத்தார்.

"சாப்பிடுங்க யக்கா. எப்பக் கூப்புடுவாங்களோ. ஒரு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன். தரகர்கிட்டக் கேட்டா தரகர் பதில்தான் வரும். நீங்க பொம்பள. அப்பா குடுத்த காட்ட விக்கிறீங்க, கஷ்டந்தான். என் பங்குக்கு இதுல ஷர்லியோட காசு போகுது. அவ ராவும் பகலும் அடுத்தவங்க புண்ணக் கழுவிச் சேத்த காசு. கடல நம்பிக் காலத்த ஓட்டியாச்சு, இனி மண்ணு ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம்னுதான். அந்த நாலு லட்சம் வருஷா வருஷம் வருமா?"

செவந்தி பழத்தை உரிக்கவில்லை. எதிர்ச் சுவரில் விலைப் பட்டியலோ என்னவோ ஒட்டியிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹரிணிக்கு, சொல்லுங்கள் என்றும் தோன்றியது, சொல்லிவிடாதீர்கள் என்றும் தோன்றியது. இந்தப் பணம் போனால் நகையும் போனதுதான்.

உள்ளேயிருந்து ஒருத்தர் வந்து பேரைக் கூப்பிட்டார். செவந்தியின் பேர். நாகராசு ஓடி வந்தார். "அண்ணி, வாங்க, வாங்க. கட்ட வெரல்ல மை இல்லாம இருக்கணும், தொடச்சுக்கோங்க."

செவந்தி எழுந்திருக்கவில்லை.

"வராது," என்றாள்.

"என்ன யக்கா?"

"வருஷா வருஷம் வராது. தைலமரத்த ஆறு வருஷத்துக்கு ஒருக்கதான் வெட்டுவாங்க. போன வருஷம் வெட்டியாச்சு. இனி அஞ்சு வருஷம் போகணும்."

நாகராசு கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

இன்னாசியம்மாளின் உதடு அசைந்தது. மீன் ஏலத்தில் அவர் இப்படித்தான் மனக்கணக்குப் போடுவார்.

"நாலு லட்சம், ஆறு வருஷத்துக்கு ஒருக்க. அப்ப காசு திரும்ப ஏழு வருஷம் இல்ல. ஏழாறு நாப்பத்திரண்டு." செவந்தியைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பத்திரண்டு வருஷம் யாரு இருப்பா யக்கா?"

"நான் இருக்க மாட்டேன்."

"நானும் இருக்க மாட்டேன்."

அவர் எழுந்து சேலையை உதறிக்கொண்டார். ரகுநாத் அப்போதுதான் உள்ளே வந்தான். அவனைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தம்பி, அட்வான்ஸ எடுத்து வைங்க. நாளைக்குக் காலையில ஏலத்த முடிச்சுட்டு நேரா வீட்டுக்கு வாரேன். கருவாட்ட நீங்களே வச்சுக்கோங்க. அது நான் பிரியப்பட்டுக் குடுத்தது."

அவர் போன பிறகு நாகராசு செவந்தியின் முன்னால் வந்து நின்றார்.

"ஏன் அண்ணி, இத ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? என் செருப்புத் தேயாம இருந்திருக்கும்ல?"

"அன்னைக்கு அந்தம்மா கேக்கல."

"அதத்தான் அண்ணி நானும் சொல்றேன்! கேக்காம இருந்தா சொல்ல வேண்டியதில்லன்னு!"

"இன்னைக்குக் கேட்டாங்க," என்றாள் செவந்தி.

அவர் பைக்கின் சத்தம் சாலை திரும்புகிற வரைக்கும் கேட்டது.

காரில் பாதி வழி வந்ததும் ஹரிணி கேட்டாள்.

"அத்தை, காலையில அடுக்களையில நான் பேசுனதக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அதனாலதான் சொன்னீங்களா?"

செவந்தி கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். "அந்த யாட்டுக்காரன் நம்மள ஏமாத்திப்புட்டான்னு நீ சொன்ன. அப்ப நாம என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்?"

கையில் வாழைப்பழம் அப்படியே இருந்தது. வீடு வந்ததும் அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. சோலையப்பன் அதே நாற்காலியில்தான் இருந்தார். டிவியில் வேறு ஒரு பெண் வாய் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"ரகு," என்றாள் செவந்தி. "அந்த மூணு லட்சத்த எடுத்துட்டு வா. பேங்குல போட்டு வைக்கிறேன்னுதான வாங்கிட்டுப் போன? பேங்கு மூடுறதுக்குள்ள போ."

"பேங்குல இல்லம்மா."

"எங்க இருக்கு?"

"சாகர்மீனாவுல."

ஹரிணி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். இது அவளுக்கும் புதுசு.

"சரி, வித்துரு."

"விக்க முடியாது. வாங்க ஆளு இல்ல. வெலை அடியில போய் நிக்குது. எல்லாரும் விக்க நிக்கிறாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்னு தோணுது. நாளான்னைக்கு லீவு."

செவந்தி தலையை ஆட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள். மகனை நேராகப் பார்த்தாள். பொங்கலுக்குப் பிறகு அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"அது என்னமோ ஒரு நம்பரு சொன்னியே. ஆறு. இப்ப எவ்வளவு?"

"நாப்பது."

"அந்தம்மா நாப்பத்திரண்டு சொன்னாங்க. அந்த யாட்டுக்கும் நம்ம காட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல." குரல் ஏறவில்லை. "காடு என் பேருல இருக்கு. அத வச்சு நான் பொழச்சுக்கிறேன். அந்தம்மா காசு நம்ம காசு இல்ல. நாளைக்குக் காலையில அவங்க இந்த வாசல்ல வந்து நிக்கிறப்ப அது இங்க இருக்கணும். ஒன் கூட்டாளியக் கேளு, தோகாவுல கூட வேலை பாத்தவனக் கேளு, யாரு கால்லயாவது விழு. காசோட வா."

"இல்லாட்டி?"

"காசோட வா."

ரகுநாத் வாசலுக்குப் போனான். செருப்பில் காலை நுழைக்கும்போது போன் அதிர்ந்தது. குவைத் நம்பர். ஷர்லி.

'அண்ணே, காடு வேணாம்னு அம்மா போன்ல சொன்னாங்க. அட்வான்ஸ அம்மா கையில குடுத்துறாதீங்க. அம்மாகிட்ட இப்ப எதுவும் கேக்காதீங்க. காரணம் இருக்கு. நானே பேசுறேன்.'

இரண்டு தடவை படித்தான். அவன் எழுதியது இல்லை. அவன் கேட்டு வாங்கியதும் இல்லை. தானாக வந்தது. திரும்பி, போனை உயர்த்திக் காட்டினான்.

"அம்மா, இங்க பாரு. ஷர்லி மெசேஜ் போட்டுருக்கு. காச அவங்க அம்மாகிட்டக் குடுக்க வேணாம்னு..."

"அந்தப் போன எங்கிட்டக் காட்டாத," என்றாள் செவந்தி.

"நெசமாத்தாம்மா. படிச்சுப் பாரு. ஹரிணி, நீயாவது வந்து படி."

ஹரிணி வரவில்லை. காலையில் அடுக்களையில் வைத்துவிட்டுப் போன கருவாட்டுப் பை இப்போது அவள் கையில் இருந்தது. அதன் காதை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

சோலையப்பன் எழுந்தார். டிவியை அணைத்தார். வாசலுக்கு நடந்து வந்து, மகனுக்கும் தனக்கும் நடுவில் இருந்த கதவின் விளிம்பில் கையை வைத்தார். ரகுநாத் ஒரு படி கீழே இறங்கினான். அப்பா ஏதாவது சொல்வார் என்று முகத்தைப் பார்த்தான். அவர் அவனுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வாசற்படியைத் தாண்டிவிட்டதா என்று.

தாண்டியிருந்தது.

அவர் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, பூட்டில் சாவி திரும்புகிற சத்தமும் கேட்டது.